கவியாவின் ஏலம்

மத்தியானம் இரண்டே காலுக்கு விழிப்பு வந்தபோது வேல்ராஜுக்கு முதலில் தெரிந்தது வியர்வைதான். தலையணை கழுத்துக்குக் கீழே நனைந்து கிடந்தது. மேலே சிமென்ட் ஷீட் வெயிலில் விரிந்து டக் டக்கென்று சொடக்கு போட்டுக்கொண்டிருந்தது; நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகிற அதிர்வு இரும்புக் கட்டிலின் கால் வழியாக ஏறி அவன் முதுகில் வந்து நின்றது; அடுத்தடுத்த அறைகளில் எல்லோரும் பகல் ஷிப்டுக்குப் போய்விட்ட பிறகு, கதவுகளில் பூட்டு மட்டும் தொங்குகிற அமைதி அந்த லைன் வீட்டில் பரவியிருந்தது. இதெல்லாம் தினமும் உள்ளதுதான். இன்றைக்கு அமைதி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைக் காணோம்.

அது விற்பனைக்கு வைத்த ஃபேன். முந்தின நாள் சாயங்காலம் ஏலம் முடிந்திருந்தது. ஆள் வந்து எடுத்துப் போகும்வரை காற்றாவது வாங்கிக்கொள்வோம் என்று காலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஓடவிட்டுப் படுத்திருந்தான். போனை எடுத்துப் பார்த்தான். ஏல ஆப்பில் புதிதாக ஒரு விமர்சனம் வந்திருந்தது.

"நேரில் போய் வாங்கினேன். ஃபேனில் லேசான ஆட்டம் இருக்கிறது, விலைக்குச் சரி. வெயிலில் வந்தவனுக்கு அந்தச் சகோதரி ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சின்ன வயசு. கடவுள் அவருக்குத் தைரியம் கொடுக்கட்டும்."

ஐந்து நட்சத்திரம்.

வேல்ராஜ் அதை மூன்று முறை படித்தான். அந்த அறையில் சகோதரி யாரும் கிடையாது. நாலு வருஷமாக அங்கே இருப்பது அவன் ஒருவன்தான்.

எழுந்து உட்கார்ந்தான். மூலையில் பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு நிற்கிற ஸ்டூல் வாசலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. டப்பாக்கள் சுவரோரம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. தூக்கிப் பார்த்தான். அடியில் வட்டமாக ஈரம். அந்த வெயிலுக்கு ஈரம் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

ஜீவானந்தத்துக்குப் போன் போட்டான். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஜீவானந்தம்தான் அவன் விற்கிற பொருள்களை வாங்கினவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பவன்.

"ஃபேன நீயா எடுத்துட்டுப் போன?"

"நா காலைலேர்ந்து வாலாஜாபாத்ல கீறேன் மச்சான். இன்னா ஃபேனு?"

"ஒண்ணுமில்ல. வையி."

தூக்கக் கலக்கத்தில் தானே எழுந்து கொடுத்திருப்போம், அந்த ஆள் விமர்சனத்தில் எதையோ மாற்றி எழுதிவிட்டான் என்று நினைத்துக்கொள்ள முயன்றான். நைட் ஷிப்ட் மாதத்தில் மூளை அப்படித்தான் இருக்கும். முகம் கழுவினான். ஆனால் குளியலறைக்குள் சீயக்காய் வாசனை இருந்தது. அவன் சீயக்காய் வாங்கினதே இல்லை.

கவியா என்பது அவன் வைத்த பெயர்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்புகிற பையன்கள் மிக்ஸி, கட்டில், ஃபேன் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். காயலான் கடையிலும் கொஞ்சம் கிடைக்கும். துடைத்து, துருவுக்கு மேல் பெயின்ட் அடித்து, ஆப்பில் ஏலத்துக்கு விட்டான். முதலில் சொந்தப் பெயரில்தான் விற்றான். இரண்டு நாள் ஓடி நின்றுபோன ஒரு ஃப்ரிட்ஜுக்காகப் புகார் மேல் புகார் வந்து கணக்கை முடக்கிவிட்டார்கள். அப்போதுதான் புது சிம் வாங்கி, முகம் தெரியாமல் முந்தானை மட்டும் தெரிகிற ஒரு படத்தைப் போட்டு, கவியாவை உண்டாக்கினான். ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் ஒரே கதையை எழுதினான்.

"என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தவர் எழுந்திரிக்கல. அவர் பயன்படுத்திய பொருள். பார்க்கப் பார்க்க மனசு தாங்கல, அதான் கொடுக்கிறேன்."

இதைப் படித்துவிட்டு யாரும் பேரம் பேசவில்லை. ஆட்டம் இருக்கிறதா, சத்தம் வருமா என்று கேட்கவில்லை. பழைய போன்கள் இரண்டில் அய்யாத்துரை என்றும் தங்கமாரி என்றும் இன்னும் இரண்டு பொய்க் கணக்குகள் வைத்திருந்தான். நிஜமாக வாங்க வந்தவர்கள் ஒரு தொகையில் நிற்கும்போது இந்த இருவரில் ஒருவர் நூறு ரூபாய் கூட்டிக் கேட்பார். உடனே நிஜமானவர் இன்னொரு நூறு ஏறுவார். கட்டிலில் படுத்தபடி மூன்று போன்களையும் மார்மேல் வைத்துக்கொண்டு வேல்ராஜ் அதைச் செய்வான்.

மணிமங்கலத்திலிருந்து சசிரேகா என்ற அம்மாள் தையல் மெஷின் ஒன்றுக்கு அப்படித்தான் இரண்டு மடங்கு விலைவரை ஏறினார். மோட்டார் கருகியிருந்தது. வேல்ராஜுக்கு அது தெரியும். கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாம் நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. திட்டியிருப்பார் என்று நினைத்துத் திறந்தான். "மெஷின் ஓடல தங்கச்சி. பரவால்ல. எனக்கும் அவர் போய் ஒரு வருஷம்தான் ஆச்சு. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு ஷிப்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பதில் போடவும் இல்லை. இது மே மாதம் பாதியில் நடந்தது.

ஃபேன் போனது வெள்ளிக்கிழமை.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வீட்டுக்காரம்மா சுந்தராம்பாள் முன்வாசலில் தண்ணீர் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாப்பா வேலு, அக்காவ இட்டாந்து வச்சிக்கினு கீற, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எந்த அக்கா?"

"அதான்பா, உன் ரூம்ல கீதே. இப்பதான் ரெண்டு கொடம் புடிச்சிக்கினு போச்சு. பாவம், சின்ன வயசு. நெத்தி வெறுமையா கீது, பாக்கவே மனசு கேக்கல."

தன் அறைக் கதவைப் பார்த்தான். அவன் போட்ட பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன சொல்லிச்சு?"

"இன்னா சொல்லும். நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து படுத்தாராம், எழுந்திருக்கலியாம். உன்ன மாதிரியே ஏதோ சீட்டு செய்யற கம்பெனியாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தங்கட்டும்பா, நா ஒண்ணும் சொல்லல. தண்ணிக்கு மட்டும் மாசம் நூறு ரூவா சேத்து குடுத்துடு."

பூட்டைத் திறந்தான். யாரும் இல்லை. விற்க வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள் இரண்டும் வாய்வரை நிறைந்து, தளும்பின தண்ணீர் தரையில் ஒழுகி, கட்டிலுக்கு அடியில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அறை கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. அவனுடைய கம்பெனிச் சட்டையின் ஆயில் வாசனை எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த அறையில், இப்போது ஈரத் தலைமயிர் உலர்கிற வாசனை.

அன்று பகல் அவன் கதவைத் திறந்துபோட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கவியாவின் கணக்கை அழித்துவிடுவது என்று முடிவு செய்தான். கடவுச்சொல் ஏற்கவில்லை. புதிது கேட்டான். அவன் கையில் இருந்த போனுக்கே ஓடிபி எண் வந்தது. அதை அப்படியே அடித்தான். தவறான எண் என்றது. ஐந்து முறையும் அப்படியே சொன்னது. புகார் எண்ணுக்கு அழைத்தான். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், கவியான்னு ஒரு கணக்கு. அத நாந்தான் ஆரம்பிச்சேன். அழிக்கணும்."

"சார், அந்தக் கணக்குக்கு வியாழக்கிழமைதான் முகம் காட்டிச் சரிபார்த்திருக்காங்க. விற்பனையாளரே கேட்டாதான் அழிக்க முடியும்."

"முகமா? கவியான்னு ஒருத்தி கெடையாது மேடம். அது பொய்."

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு சார்?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"கணவர் தவறிட்டதா பதிவாகியிருக்கு. வாரிசா பொருள விக்கிறாங்க. கணவர் பேர் வேல்ராஜ்னு இருக்கு." விசைப்பலகைச் சத்தம் நின்றது. "உங்க பேர் என்ன சார்?"

வேல்ராஜ் போனை வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் கவியாவின் பக்கத்தில், அவன் போடாத ஏலம் ஒன்று வந்தது. படம் தெளிவாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சரியான கோணத்தில் விழும்படி யாரோ பொறுமையாக எடுத்த படம்.

"சேஃப்டி ஷூ, எட்டாம் நம்பர். இடது குதிகால் தேய்ந்திருக்கும். வலது ஷூவின் முனையில் ஒரு வெட்டு இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கடைசி நாள் வரை போட்டது."

அடுத்தது இரண்டு ஆகாய நீலச் சட்டைகள். காலர் அழுக்கு போகவில்லை என்று எழுதியிருந்தது. அடுத்தது சாப்பாட்டு டப்பா. மூடி இறுக்கமாக இருக்கும் என்று எழுதியிருந்தது. அதற்கும் அடுத்து அந்த இரும்புக் கட்டில்.

அவன் எழுதின எதிலும் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. இவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

கதவோரம் கிடந்த தன் ஷூவை எடுத்துப் பார்த்தான். இடது குதிகால் தேய்ந்திருந்தது. வலது ஷூவில் வெட்டு எதுவும் இல்லை. மறுபடி பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். இல்லை. ஏதோ ஆறுதலாக இருந்தது. இது வேறு யாருடைய ஷூவோ. அதற்குள் ஷூவுக்கு மூன்று பேர் ஏலம் கேட்டிருந்தார்கள். கட்டிலுக்கு ஆறு பேர். அவன் பழைய போனை எடுத்து, அய்யாத்துரையின் பெயரில், யாரும் தாண்ட முடியாத ஒரு தொகையைக் கட்டிலுக்குப் போட்டான். அவள் விற்கட்டும். வாங்குவது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒரு நிமிஷத்தில் அய்யாத்துரைக்குச் செய்தி வந்தது.

"உங்க பொருளுக்கு நீங்களே ஏலம் கேக்கக்கூடாதுங்க. தப்பு."

அவன் கேட்ட தொகை பட்டியலிலிருந்து அழிந்துபோனது.

திங்கட்கிழமை இரவு ஷிப்டில், மூன்று மணிக்கு, ஃபோம் ஏற்றின தள்ளுவண்டி ஒன்று வளைவில் நழுவி வந்து அவன் காலில் இடித்தது. வலி இல்லை, உள்ளே இரும்பு முனை இருந்தது. சூப்பர்வைசர் ஓடிவந்து காலை அசைத்துப் பார்க்கச் சொன்னார். வேல்ராஜ் குனிந்து ஷூவைப் பார்த்தான். வலது முனையில், கட்டை விரலுக்கு மேலே, பிறை மாதிரி ஒரு வெட்டு. போனில் அந்தப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தான். அதே பிறை. கீழ்நுனியில் பிரிந்த தோலின் சிறு நாக்குகூட அதேதான்.

படம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெட்டு இப்போதுதான் விழுந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை அறைக்குள் போகாமல் ஜீவானந்தத்தின் வண்டியில் படுக்கலாம் என்று தேடிப் போனான். வண்டி லோடுக்குப் போயிருந்தது. வெளியே வெயில். கண்ணுக்குள் மணல். இரண்டு நாளாக மொத்தம் நாலு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அறைக்கு வந்து, கதவை அகலத் திறந்துவைத்து, கட்டிலில் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம்.

விழித்தபோது கட்டிலில் மல்லாந்து கிடந்தான்.

போர்வை முகத்துக்கு மேல் இழுத்துவிடப்பட்டிருந்தது. வெளிச்சம் நூலிழைகளுக்கிடையே வடிகட்டி வந்தது. கைகள் இரண்டும் நெஞ்சின்மேல் சேர்த்துவைக்கப்பட்டிருந்தன. காலை நகர்த்தினான். நகரவில்லை. போர்வையை உதறி எழுந்தான். அவனுடைய இரண்டு கட்டை விரல்களும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இறுக்கமாக இல்லை. சும்மா அளவு பார்த்ததுபோல ஒரு முடிச்சு.

ஊரில் செத்தவர்களுக்கு அப்படித்தான் கட்டுவார்கள்.

முடிச்சை அவிழ்க்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அவிழ்த்ததும் வெளியே ஓடி, எதிரில் இருந்த காலி மனையில், கருவேலஞ்செடிகளின் நடுவே வெயிலில் நின்றுகொண்டு, சசிரேகாவின் எண்ணைத் தேடி அழைத்தான். ஏன் அவரை அழைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் இது நின்றுவிடும் என்று தோன்றியது.

"அக்கா, நா வேல்ராஜ் பேசுதேன். லோடு ஆட்டோல கூட வந்து தையல் மெஷின எறக்கி வச்சேம்லா, அந்தத் தம்பி."

"சொல்லு தம்பி. கவியா நல்லா கீறாளா?"

"கவியான்னு யாரும் கெடையாதுக்கா. நாந்தான். மோட்டார் கருகினது தெரிஞ்சுதான் வித்தேன். வெல ஏத்துனதும் நாந்தான். உங்க காச திருப்பித் தந்துருதேன். என்ன மன்னிச்சிருங்கக்கா."



"துக்கத்துல இருக்கற பொண்ணப் பத்தி இப்டி பேசாத தம்பி. காசெல்லாம் அவ எப்பவோ அனுப்பிட்டா. நேத்துகூட ஒரு மணி நேரம் பேசிக்கினு இருந்தா. எனக்கு அவரு போனப்ப எப்டி இருந்துச்சோ, அதே அழுகை."

"அக்கா, நா சொல்லுதத கேளுங்க—"

"காரியத்துக்கு வந்துடுக்கான்னு சொன்னா. பதினெட்டாம் தேதி வியாழக்கெழம, பதினாறாம் நாளாம். எனக்கே கணக்கு இடிக்குது, மே மாசமே போயிட்டாருன்னுல நெனச்சேன். அழுவறவகிட்ட தேதிய போயி கேக்க முடியுமா? நீ இருப்ப இல்ல? நீதான தம்பி முறை, முன்ன நின்னு செய்யணும்."

வேல்ராஜ் விரல்விட்டு எண்ணினான். பதினெட்டிலிருந்து பின்னோக்கி. செத்த நாளையும் சேர்த்துப் பதினாறு. விரல் மூன்றாம் தேதியில் வந்து நின்றது.

நாளை.

அன்று இரவு அவன் ஷிப்டுக்குப் போனான். முந்நூறு பேரும் அவ்வளவு வெளிச்சமும் உள்ள இடத்தில் தன்னை எதுவும் நெருங்காது என்று நினைத்தான். அதோடு அவனுக்கு ஒரு வழியும் தோன்றியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திரிக்கல என்றுதான் அவன் எழுதியிருந்தான். வரவே வராவிட்டால்? படுக்கவே படுக்காவிட்டால்? காலையில் நேராக ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கிடைத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவது. வழியெல்லாம் நின்றுகொண்டே போவது. மூன்றாம் தேதி முடியும்வரை கண்ணை மூடாமல் இருப்பது.

இரவு முழுக்க லைனில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆறரைக்கு சைரன் அடித்தது. கம்பெனி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னலில் வெயில் மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் பையன்கள் வாயைத் திறந்தபடி தூங்கினார்கள். பஸ்ஸின் ஆட்டம் முழங்காலுக்குள் இறங்கி ஏதோ தாலாட்டு மாதிரி. வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோடு.

"எறங்குப்பா, பென்னலூர் வந்துச்சு."

கிளீனர் அவன் தோளைத் தட்டினான்.

"நா ஸ்ரீபெரும்புதூர்ல எறங்கணும்."

"அது தாண்டி கால் மணி நேரம் ஆச்சே. நீதானே இங்க நிறுத்தச் சொல்லி குரல் குடுத்த?"

இறங்கினான். பஸ் போய்விட்டது. ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் லைன் வீட்டின் ஷீட் கூரை தெரியும். அதைப் பார்க்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். உட்காரக் கூடாது என்று எழுந்து நின்றான். இரண்டு டீ குடித்தான். நாக்கு வெந்தது, நல்லது. ஜீவானந்தத்தை அழைத்தான்.

"மச்சான், ஒடனே வா. என்ன எங்கயாவது கூட்டிட்டுப் போ. எங்கயாவது."

"அட, அங்கதான்டா வரப்போறேன். பத்து மணிக்கு வண்டி கொண்டாரச் சொல்லி உங்க அக்கா காத்தாலயே போன் பண்ணிட்டாங்க."

"எதுக்கு?"

"கட்டில் வித்துருச்சாமே. உனக்குத் தெரியாதா?"

போன் மணி எட்டு ஐம்பது என்று காட்டியது.

"ஜீவா, நா சாவப் போறேன்டா."

"நைட் ஷிப்ட்டு மச்சான். எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும். போயி செத்த நேரம் படு, நா வந்து எழுப்பறேன்."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே அவனைப் பார்த்தார். கண்ணு ரெண்டும் ரத்தமா கீதே தம்பி, ரூமுக்குப் போய்ப் படு என்றார். பால் வாங்க வந்த சுந்தராம்பாள் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உனக்காகத்தான் அந்தப் பொண்ணு சாப்பிடாம உக்காந்துகினு கீது, வா போலாம் என்றாள். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். பெஞ்சில் உட்கார்ந்து அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டான். போக மாட்டேன். இங்கேதான் இருப்பேன். ஈ ஒன்று கண்ணாடி டம்ளரின் விளிம்பில் நடந்தது. அதையே பார்த்தான். விளிம்பு முழுக்கச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. இன்னொரு

ஷீட்டில் டக் டக்கென்று சத்தம்.

முதுகுக்குக் கீழே இரும்பின் அதிர்வு.

கட்டில்.

எப்படி வந்தான்? நடந்தானா? கால்களைப் பார்க்க முயன்றான். ஷூ இல்லை. கழுவப்பட்ட பாதங்கள். ஈரமாக இருந்தன. விரல்களில் வெள்ளைத் துணி. இந்த முறை முடிச்சு இறுக்கம். கையைத் தூக்க நினைத்தான். கை நெஞ்சின்மேல் அப்படியே இருந்தது.

வாசல் பக்கத்து வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தரையில் சம்மணமிட்டு, அவனைப் பார்த்தபடி. சீயக்காய் போட்டுக் குளித்த தலை. ஈரம் சொட்டி ஜாக்கெட்டின் தோளை நனைத்திருந்தது. சின்ன வயசுதான். அழகான முகம்கூட. நெற்றி வெறுமையாக இருக்கிறது என்று சுந்தராம்பாள் சொல்லியிருந்தாள். இப்போது நெற்றி நிறையக் குங்குமம். காதோரம் பூ. கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் தாலி. இரண்டு கையிலும் முழங்கை பாதிவரை கண்ணாடி வளையல்.

அவன் இன்னும் உயிரோடிருந்தான். அதனால்தான் அவை இருந்தன.

அவள் அவன் விழித்ததைக் கண்டாள். பதறவில்லை.

"உறங்குங்க" என்றாள். அவன் ஊர்ப் பேச்சு. அவன் அம்மா சொல்கிற மாதிரியே. "வண்டி பத்து மணிக்குத்தான் வரும்."

அவன் கத்தினான். தொண்டையிலிருந்து மூச்சுதான் வந்தது. வாசலுக்கு வெளியே சுந்தராம்பாளின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வாளியை நகர்த்தினார்கள். பத்தடி தூரம்.

அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வளையலைக் கழற்றினாள். உடைக்கவில்லை. பத்திரமாகக் கழற்றித் தரையில் வைத்தாள். அடுத்ததைக் கழற்றி அதன் பக்கத்தில். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இடது கை வெறுமையானது.

வலது கை.

கண்ணை மூடக்கூடாது. மூடக்கூடாது. வேல்ராஜ் இமைகளை விரித்துப் பிடித்தான். ஷீட்டின் ஓட்டையில் வெயில் ஒரு புள்ளியாக நின்றது. அதைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். கடைசி வளையல் விரல் கணுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. நாக்கில் விரலை நனைத்துத் தடவி, மெல்லத் திருகினாள். தெருமுனையில் லோடு ஆட்டோவின் ஹாரன்.

வளையல் வந்துவிட்டது. வரிசையின் கடைசியில் வைத்தாள்.

அவன் கண்ணை மூடவில்லை. மூடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இரும்பு கிறீச்சிட்டது. அவன் முகத்துக்கு நேரே குனிந்து, மூச்சு வருகிறதா என்று கேட்பதுபோலக் கொஞ்சநேரம் காதைக் கொடுத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, கட்டை விரலைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.